பைன் நட்டாலும் ஓடை வற்றியது

"யூக்கலிப்டஸ்தான் தண்ணீரை உறிஞ்சும், பைன் ஒன்றும் செய்யாது, வெட்டிவிட்டால் ஓடையும் உடனே திரும்பிவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

தென்னாப்பிரிக்காவின் மொகோபுலான் ஆய்வைப் பாருங்கள். புல்வெளியாக இருந்த நீர்ப்பிடிப்புகள். ஒன்றில் 1969இல் யூக்கலிப்டஸ், இன்னொன்றில் 1971இல் பைன் நட்டார்கள். யூக்கலிப்டஸ் பக்கத்து ஓடை ஒன்பதாம் ஆண்டில் முழுதாக நின்றது. பைனும் சளைக்கவில்லை, பன்னிரண்டாம் ஆண்டில் அந்த ஓடையும் வற்றியது. வித்தியாசம் மூன்றே ஆண்டுதான்!

16 வயதில் யூக்கலிப்டஸை வெட்டிய பிறகும், ஓடை பழையபடி ஓட ஐந்து ஆண்டுகள் பிடித்தன. ஆழத்து மண்ணில் சேர்ந்திருந்த ஈரத்தையும் வேர்கள் இழுத்துவிட்டிருந்தன. அந்தக் கடனை அடைத்த பிறகுதான் மழைநீர் ஓடைக்கு வந்தது.

அங்கே 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் மரவகை பார்க்காமல், வணிகத் தோப்பு வளர்ப்பதையே ஓடை நீரைக் குறைக்கும் செயலாக வைத்திருக்கிறது.

அப்புறம், இது புல்வெளியோடு ஒப்பிட்ட கணக்கு. குளிர்காலத்தில் புல் காய்ந்துவிடும், இந்த மரங்கள் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும். ஏற்கெனவே காடாக இருந்த இடத்துக்கு இதே எண்களைப் பொருத்த வேண்டாம்.