அம்மாவை அங்கே அழைத்துப் போனது சரிதான்

இங்கே தென்னாப்பிரிக்காவில், கோல்ஃப் மைதானத்துக்குள் இருக்கும் ஆடம்பர விடுதியில் அம்மாவோடு தங்கப் போகிறேன் என்றதும் டர்பன் உறவினர் பலரும் கேட்டது ஒன்றுதான்: "நமக்கு அங்கே என்ன வேலை?" மனம் கனத்துவிட்டது. அந்தத் தயக்கத்தின் வேர் எனக்குத் தெரியும்.

1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றவர் பப்வா சேவ்கோலம். நம் ஊர்க்காரர். பிறருக்குப் பை சுமக்கும் கேடியாக இருந்து, மட்டையை இரு கைகளையும் இடம் மாற்றிப் பிடிக்கும் தனி முறையில் ஆடியவர். அதற்கு முன்பே டச்சு ஓப்பனை வென்றிருந்தார். ஆனாலும் இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை. கொட்டும் மழையில் வெளியே நின்றே கோப்பையை வாங்கினார். 1965இல் அதே போட்டியில், உலகப் புகழ்பெற்ற வெள்ளை ஆட்டக்காரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். பின்னர் வெள்ளையர் ஆடும் போட்டிகளில் அவர் கலந்துகொள்ள அன்றைய நிறவெறி அரசு தடை போட்டது. என் தாய்மாமாவும் சிறுவயதில் கேடி வேலை பார்த்தவர். கூலிக்காக அன்றி அந்தப் புல்வெளியில் கால் வைக்க முடியாத தலைமுறை அது.

நாங்கள் தங்கியது ஜார்ஜ் நகரத்துக்கு அருகிலுள்ள ஃபேன்கோர்ட் என்ற கோல்ஃப் விடுதி வளாகத்தில். அதற்குள் தனித்து நிற்கும் மேனர் ஹவுஸ் என்ற பழைய மாளிகை இன்று ஒரு சிறு விடுதி. அறைகள் இருபதுக்கும் குறைவு. ஹென்றி ஃபேன்கோர்ட் வொயிட் 1859இல் கட்டிய வீடு. கைதிகளின் உழைப்பில் உருவான மாண்டேகு கணவாய்ச் சாலையின் பணிகளை மேற்பார்த்தவர் அவர். வீடு எழும்பிய மறு ஆண்டில்தான், 1860இல், 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் இறக்கியது.

காலையில் அவுட்டெனிக்வா மலைமீது மேகம் படிந்திருந்தது. அம்மா தேநீரோடு தாழ்வாரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பணிப்பெண் பெயர் சொல்லி வணக்கம் சொன்னபோது எழுந்து நிற்கப் போனார். நான் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். அவர் கூச்சம் முழுதாக விலக ஒரு நாள் பிடித்தது. மறுநாள் உப்புமா கிடைக்குமா என்று அவரே சமையலறையில் கேட்டார்! கிடைக்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வியே எனக்குப் போதும்.

அங்குள்ள 'லிங்க்ஸ்' மைதானத்தை வடிவமைத்தவர் அதே கேரி பிளேயர். அமெரிக்க அணியும் பிற நாட்டவர் அணியும் மோதும் பிரெசிடென்ட்ஸ் கோப்பையில், 2003இல், டைகர் உட்ஸும் எர்னி எல்ஸும் இருட்டும்வரை மோதி, முடிவு வராமல் இரு அணிகளும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டது இங்குதான். அந்தக் கதையைக் கோல்ஃப் பிரியர்கள் எல்லோரும் சொல்வார்கள். பப்வாவின் கதையையும் அதே பெருமிதத்தோடு சொல்ல வேண்டும். இந்நாட்டின் ஒவ்வொரு கோல்ஃப் கிளப்பிலும் அவர் படம் தொங்க வேண்டும்.

செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. கல்யாண மண்டபத்துக்கும் நகைக்கும் கொட்டுகிற நாம், வாழ்நாளெல்லாம் வேலி ஓரமாகவே நடந்த பெற்றோருக்கு இரண்டு இரவு தருவதில் கணக்குப் பார்க்க வேண்டாம். டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதி நண்பர்களே, கூட்டம் குறைந்த குளிர்காலத்தில் வாடகையை விசாரியுங்கள். மாமா இப்போது முழங்கால் வலி என்று சாக்குச் சொல்கிறார். அடுத்த முறை அவருக்கும் சேர்த்தே அறை எடுக்கப் போகிறேன்.