‘யாரோடு போனாள்?’ என்று கேட்பவர்களுக்கு

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அந்தச் செய்தியின் கீழே குவிந்திருந்த கருத்துகளை வாசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எந்தச் செய்தி என்று சொல்லத் தேவையில்லை, எல்லோருடைய முகநூல் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. அந்தப் பிள்ளையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. 16 வயது. வீட்டை விட்டுப் போனாள். உயிரோடு திரும்பவில்லை. இதற்கு மேல் நமக்கு உறுதியாக எதுவும் தெரியாது.

ஆனால் கருத்து எழுதியவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. “யாரோடு போனாள் என்று விசாரித்தால் எல்லாம் வெளியே வரும்.” “கையில் போனைக் கொடுத்தால் இப்படித்தான்.” “பெத்தவங்களை அழ வைத்தவளுக்கு இதுதான் கிடைக்கும்.” இந்தக் கடைசி வரியை எழுதியவர் எனக்குத் தெரிந்தவர், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா. அதற்கு விழுந்திருந்த லைக்குகளைப் பார்த்தபோது கை நடுங்கியது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். செத்துப்போனவள் உங்கள் கருத்தை வாசிக்கப் போவதில்லை. வீட்டை விட்டு வெளியேறி, இன்னும் உயிரோடு எங்கோ உட்கார்ந்து, திரும்பிப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளை வாசிப்பாள். அவள் கையிலும் போன் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் தன்னை என்ன சொல்வார்கள் என்பதை அவள் உங்களிடமிருந்துதான் தெரிந்துகொள்கிறாள்.

இது கற்பனை இல்லை. என் சித்தி மகள் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு காணாமல் போனாள். சில நாட்கள் கழித்து அவளாகவே வந்து வாசலில் நின்றாள். கூடியிருந்த உறவுக்காரர்களில் ஒருவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, “யார் கூடப் போன?” யார் கூடவும் போகவில்லை. தோழி வீட்டு மாடியில் ஒளிந்திருந்தாள். பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள்: “முதல் ராத்திரியே திரும்பி வரணும்னுதான் இருந்துச்சுக்கா. எல்லாரும் என்ன கேப்பாங்கன்னு நினைச்சுத்தான் வரல.” அவளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு மாடி கிடைத்தது. அது கிடைக்காத பிள்ளை அந்த ராத்திரிகளை எங்கே கழிக்கும்? யார் கண்ணில் படும்? தன் மகள் என்றால் மட்டும் இதை யோசிக்கத் தெரிகிறது நமக்கு.

‘ஓடிப்போனவர்கள்’ என்று முடிவு கட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் சாட்சி. 1970 முதல் 1973 வரை அங்கே பதின்வயதுப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். அவர்களில் பலர் ஒரே பகுதியைச் சேர்ந்தவர்கள். நீச்சல் குளத்துக்குக் கிளம்பிப் போன 13 வயதுப் பையனும் அதில் ஒருவன். பெற்றவர்கள் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள், சுவரொட்டி அடித்து ஒட்டினார்கள். ஓடிப்போயிருப்பான், வந்துவிடுவான் என்று காவல்துறை கைகழுவியது. 1973 ஆகஸ்டில் உண்மை வெளியே வந்தபோதுதான் குறைந்தது 27 பேரை ஒரே கும்பல் கொன்றிருந்தது தெரிந்தது. ஓடிப்போனவன்தானே என்ற அலட்சியம் அந்தக் கொலைகாரர்களுக்கு வருடக்கணக்கில் அவகாசம் கொடுத்தது. அதற்கு அடுத்த வருடமே, 1974இல், வீட்டை விட்டு வெளியேறும் சிறுவர்களுக்காக அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வெளியே அவர்கள் தங்க இடம், பேச ஆள், வீட்டோடு மறுபடி தொடர்பு ஏற்படுத்திக்கொடுக்க உதவி. இத்தனை உயிர் போன பிறகுதான் அது நடந்தது.

சரி, நல்ல மனிதர்களே ஏன் இப்படி எழுதுகிறார்கள்? மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966இல் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார். ஒரு பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதுபோல் நடிக்கவைத்து, அதைச் சிலரைப் பார்க்க வைத்தார்கள். பார்த்தவர்கள் முதலில் பதறினார்கள். தங்களால் அதை நிறுத்த முடியாது, அவள் வேதனை தொடரப் போகிறது என்றானதும் அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்பினால்தான் நமக்குத் தூக்கம் வருகிறது. அவள் ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும், என் பிள்ளை அப்படி இல்லை, அதனால் என் பிள்ளைக்கு இது நடக்காது. அந்த நிம்மதிக்காகச் செத்த பிள்ளையின் மேல் சேறு பூசுகிறோம்.

“இப்படிப் பரிதாபப்பட்டால் மற்ற பிள்ளைகளும் கிளம்பிவிடும்” என்று வருவீர்கள், தெரியும். முகநூலில் நாலு பேர் பரிதாபப்பட்டார்கள் என்பதற்காக எந்தப் பிள்ளையும் ராத்திரியில் வீட்டை விட்டு இறங்காது. அடி தாங்காமல் இறங்குகிறது. மதிப்பெண்ணுக்குப் பயந்து இறங்குகிறது. காதல் என்று அடித்துக்கொண்ட சண்டையில் இறங்குகிறது. வீட்டுக்குள்ளேயே ஒருவர் கை வைப்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் இறங்குகிறது. காரணம் அற்பமாகவே இருக்கட்டும், வெறும் பிடிவாதமாகவே இருக்கட்டும். அதற்கு மரணம்தான் தண்டனையா? 16 வயதில் அவசரப்பட்டு ஒரு முடிவும் எடுக்காதவர் நம்மில் யார்?

“பெத்தவங்க வலி உனக்குத் தெரியுமா?” தெரியும். அந்த அம்மாவையும் நினைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் அவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் நீங்கள்தான் இரண்டு வரி கீழே “வளர்ப்பு சரியில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் யாராவது இதை வாசிக்கமாட்டார்களா?

“கருத்துச் சொல்ல உரிமை இல்லையா?” என்பதற்கு மட்டும் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 1989இல் ஐ.நா. சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவை எடுத்து வாசியுங்கள். குழந்தையின் அந்தரங்கத்தில் அத்துமீறக் கூடாது, அதன் மானத்தையும் நற்பெயரையும் தாக்கக் கூடாது என்று இருக்கிறது. அந்த உடன்படிக்கையில் 18 வயதுக்கு உட்பட்டவர் குழந்தை. அவள் குழந்தை. அவளுடைய பள்ளிப் படத்தை எடுத்துப் போட்டு, வட்டம் போட்டு, முகத்தில் திமிர் தெரிகிறதாம் என்று எழுதியிருந்தீர்களே, ஒரு குழந்தையின் முகத்தில்.

எனக்குக் கோபம் அதில்கூட இல்லை. இத்தனை பேர் எங்கே போனாள், யாரோடு போனாள் என்று கேட்டீர்கள். அவள் எதிலிருந்து போனாள் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? அவளைத் தினமும் பார்த்த பெரியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவள் முகம் மாறியதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா, கவனித்தும் நமக்கெதற்கு என்று இருந்தார்களா? உயிரோடு இருந்தபோது அவளிடம் இரண்டு நிமிடம் பேச நேரமில்லாதவர்களுக்கு, செத்த பிறகு அவள் நடத்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத எப்படி நேரம் கிடைத்தது?

இந்தப் பதிவின் கீழே அவள் பெயரையோ படத்தையோ போட்டால் நீக்கிவிடுவேன். “யாரோடு போனாள்” என்று கேட்பவர்களை, சொந்தக்காரர்களாக இருந்தாலும், நட்பிலிருந்தும் நீக்குவேன். நேற்று அந்த வரியை எழுதிய அப்பாவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன். உங்கள் இரண்டு மகள்களும் முகநூலில் இருக்கிறார்கள், அவர்கள் பார்ப்பதற்குள் அதை அழித்துவிடுங்கள் என்று.