ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு

எங்கள் ஆச்சி பீடி சுற்றிப் பிழைத்தவள். தாத்தா போனபோது அவளுக்கு 32 வயது, கையில் மூன்று பிள்ளைகள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் மடியில் ஒரு சுளகு இருக்கும். அதில் இலை, தூள், கத்தரி, நூல்கண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்தச் சுளகு சுவரோரம் சாய்ந்து நிற்கும். ஆச்சி வெள்ளைச் சேலை கட்டி, முந்தானையில் காணிக்கைக் காசை முடிந்துகொண்டு வேதக்கோயிலுக்குக் கிளம்புவாள்.

ஒருமுறை அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம், வேதத்தில் வருகிற ஏழை விதவையின் காணிக்கையைப் பற்றிப் பிரசங்கம். வீட்டுக்கு நடந்து வரும்போது ஆச்சி கேட்டாள்: "ஏல, அந்தப் பொம்பளைக்குப் பிள்ளையள் உண்டா? இருந்ததெல்லாம் போட்டுட்டாளே, அன்னைக்கு ராத்திரி என்னத்தப் பொங்கிப் போட்டா?"

எனக்கு 11 வயது. ஓய்வுநாள் பாடசாலைப் பரீட்சைக்காக அந்தப் பகுதியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "அதெல்லாம் வேதத்துல போடல ஆச்சி" என்றேன்.

"போட்டிருக்கணும்லா" என்றாள்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அத்தனை பிரசங்கிமார் அந்தப் பகுதியை எடுத்துப் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்த விதவையின் வீட்டு அடுப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆச்சி மட்டும்தான் கேட்டாள். அவளும் விதவை என்பதால் அவளுக்கு அது முதலில் தோன்றியிருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். மாற்கு சுவிசேஷம் 12-ஆம் அதிகாரம், 41 முதல் 44 வரை. எருசலேம் தேவாலயத்தில் இயேசு காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அங்கே எக்காள வடிவத்தில் 13 பெட்டிகள் இருந்தன என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. ஐசுவரியவான்கள் அதிகமாகப் போடுகிறார்கள். ஒரு ஏழை விதவை வந்து "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசைப்" போடுகிறாள். அந்த ரோமத் துட்டு 64 சேர்ந்தால்தான் ஒரு தெனாரியம். மத்தேயுவில் திராட்சத்தோட்டக் கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலியாகப் பேசுவது அந்த ஒரு தெனாரியத்தைத்தான். இன்றைக்கு ஒரு நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவள் போட்டது 10 ரூபாய். அவளிடம் இருந்ததே அந்தப் பத்து ரூபாய்தான்.

இயேசு சீஷரை அழைத்துச் சொல்கிறார்: மற்றவர்கள் பரிபூரணத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள், இவளோ தன் வறுமையிலிருந்து, தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். வேதம் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். "நீங்களும் இவளைப்போலச் செய்யுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. நல்ல சமாரியன் கதையின் முடிவில் "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று சொல்லத் தெரிந்தவர் அவர். இங்கே அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ஆசீர்வாதம் வரும் என்றோ, போட்டது பல மடங்காகத் திரும்பி வரும் என்றோ வாக்குக் கொடுக்கவில்லை. அந்த வாக்குகளையெல்லாம் மேடையிலிருந்து நாம்தான் சேர்த்துக்கொண்டோம்.

இதற்கு முந்தின வசனம் என்ன தெரியுமா? நீண்ட அங்கி போட்டுத் திரிகிற, சந்தைவெளியில் வந்தனத்தையும் விருந்தில் முதல் இடத்தையும் விரும்புகிற வேதபாரகரை, அதாவது யூத வேதத்தைப் போதிக்கிறவர்களை, குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். அவர்கள் "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிற" ஆட்கள். விதவைகளின் வீட்டைத் தின்கிறவர்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒரு விதவை வந்து தன் ஜீவனம் முழுவதையும் பெட்டியில் போடுகிறாள். அடுத்தடுத்த வசனங்கள். இதை எப்படி இத்தனை வருஷம் பிரித்துப் பிரித்தே வாசித்தோம்?

அதற்குப் பிந்தின வசனத்தையும் பாருங்கள். தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது சீஷரில் ஒருவன் சொல்கிறான்: போதகரே, இந்தக் கல்லுகள் எப்படிப்பட்டது, இந்தக் கட்டடங்கள் எப்படிப்பட்டது பாரும்! அதற்கு இயேசு, ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி எல்லாம் இடிக்கப்பட்டுப்போகும் என்கிறார். கி.பி. 70-ல் ரோமப் படை அதை இடித்தும் தள்ளியது. லூக்கா இன்னும் பட்டவர்த்தனமாக எழுதுகிறார்: சிலர் மெச்சியது, தேவாலயம் சிறந்த கற்களாலும் காணிக்கைகளாலும் அலங்கரிக்கப்பட்டிருப்பதை. காணிக்கைகளாலும்! அவளுடைய இரண்டு காசும் அதில்தானே போய்ச் சேர்ந்தது. மாற்கு சுவிசேஷத்தில் அன்றைக்கு வெளியே போன இயேசு அதன்பிறகு தேவாலயத்துக்குள் கால் வைக்கவே இல்லை.

நமக்கு இது தெரியாமல் போனதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. அந்த விதவையோடு 12-ஆம் அதிகாரம் முடிந்துவிடுகிறது, கட்டடம் இடியும் என்பது 13-ல் தொடங்குகிறது. மாற்கு எழுதும்போது அதிகாரமும் கிடையாது, வசன எண்ணும் கிடையாது. இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயத் திருச்சபைத் தலைவர் செய்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பில் வந்தவை. தேடி எடுப்பதற்கு வசதியாகப் போட்ட கோடு அது. அந்தக் கோட்டில் நின்றுவிட்டு நாம் காணிக்கைப்பையை எடுத்துவிடுகிறோம்.

இது நானாகக் கண்டுபிடித்த வியாக்கியானம் இல்லை. 1982-லேயே அடிசன் ரைட் என்ற கத்தோலிக்க வேத அறிஞர், இயேசு அங்கே அவளைப் புகழ்கிறாரா, அவளுக்காகப் புலம்புகிறாரா என்று கேட்டு விரிவாக எழுதினார். இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது, இன்றும் நடக்கிறது. நான் புலம்பல் பக்கம். அவளுடைய அன்பை நான் குறைக்கவில்லை, அவள் தேவனுக்கென்று மனதாரத்தான் போட்டிருப்பாள். அந்த அன்பை வாங்கிக்கொண்டு அவளை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பின இடத்தைப் பற்றித்தான் என் பேச்சு. மோசேயின் நியாயப்பிரமாணத்தின்படி பார்த்தால் அந்த இடம் அவளுக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்று உபாகமம் 14 சொல்கிறது. தசமபாகத்துக்கு மல்கியா 3:10-ஐ எடுக்காத ஊழியர் இல்லை. அதே அதிகாரம் ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவனுக்கும் விதவையை ஒடுக்குகிறவனுக்கும் விரோதமாகத் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்று கர்த்தர் சொல்வதை யாராவது வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா?

சாறிபாத் ஊர் விதவையைச் சொல்வார்கள். எலியா தீர்க்கதரிசி கேட்டதும் கடைசிப் பிடி மாவைக் கொடுத்தாளே என்று. கொடுத்தாள். ஆனால் அந்தக் கதையில் அவளும் தீர்க்கதரிசியும் அவள் வீட்டாரும் அநேக நாள் சாப்பிட்டார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆச்சியின் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

இனி ஆச்சியைப் பற்றி. கோயிலுக்குப் புதுக் கோபுரம் எழுப்பியபோது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்தார்கள். விதவைகளுக்கு அரை வரி. ஆச்சி முழு வரியும் கட்டினாள், காதில் கிடந்த கம்மலை விற்று. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் "நம் சபையிலும் ஒரு ஏழை விதவை" என்று அவளைக் காட்டினார்கள். அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான், அதை நான் மறைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்துக் கண்ணில் புரை விழுந்தது. இலையை வெட்டுகிற அளவு தெரியாமல் விரலில் வெட்டிக்கொண்டாள். ஆபரேஷனுக்குக் கொஞ்சம் பணம், கடனாகவாவது கிடைக்குமா என்று கமிட்டியில் போய்க் கேட்டாள். அதற்குச் சபையில் கணக்கு கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையிலேயே அப்படி ஒரு கணக்கு இல்லை. கோபுரத்துக்கு இருந்தது, சுற்றுச்சுவருக்கு இருந்தது.

வாசலில் கொடுத்தவர்கள் பெயர் வெட்டின பளிங்குக் கல் இருக்கிறது. ஒரு தொகைக்கு மேல் கொடுத்தவர்கள் பெயர் மட்டும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன்முன் நிற்பேன். கல் நல்ல கல்தான்.

அப்படியானால் காணிக்கையே வேண்டாமா என்று கேட்பார்கள். நானும் போடுகிறேன். ஆனால் அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையாருக்குக் காணிக்கையைப் பற்றி எழுதும்போதே, மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படியல்ல, சமநிலை இருக்கும்படியாகவே என்று எழுதுகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ல் ஆதிச் சபை முதன்முதலாக ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து வேலை பிரித்துக் கொடுத்ததே எதற்காக? அன்றாட விசாரிப்பில் சில விதவைகளைக் கவனிக்காமல் விட்டார்கள் என்ற முறுமுறுப்புக்காக. நம் கமிட்டிகளின் பூர்வீகம் அதுதான்.

பிரசங்கம் செய்கிற அண்ணன்மார்களிடமும் சபை ஐயர்மார்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை இந்தப் பகுதியை எடுக்கும்போது 12:38-ல் தொடங்கி 13:2 வரை நிறுத்தாமல் வாசியுங்கள். வாசித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இந்த வருஷம் சபை ஆண்டுக்கூட்டத்தில் வரவு செலவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். விதவைகள் உதவி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன். பார்க்கலாம் என்றார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பாட்டிமார் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருஷமும் எழுந்து கேட்பேன்.