சாக் கணக்கு மட்டும் போதாது

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை அவர் வீசுமுன் வீழ்த்துவதுதான் சாக். ஆரோன் டொனால்ட் 10 சீசனில் எடுத்த 111 சாக்கை, தற்காப்பு வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு ‘குறைவு’ என்கிறது ஒரு கட்டுரை. அந்த ஒப்பீடே சரியில்லை. ஓரத்தில் நிற்பவருக்கு வளைந்து ஓடிவர இடம் உண்டு. டொனால்ட் ஆடிய டிஃபென்சிவ் டேக்கிள் இடம் அந்த வரிசையின் நடுவில். பந்து நகர்ந்ததுமே எதிரணியின் நடு வரிசைக்காரர்களான கார்டும் சென்டரும் சேர்ந்து அமுக்குவார்கள். அவர் உயரமோ 6 அடி 1 அங்குலம்தான், அந்த இடத்துக்குக் குட்டை. ஆனால் அதுவே கைகொடுத்தது. எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே தோளைக் கொடுத்து, அவர் கை பதிவதற்குள் மணிக்கட்டைத் தட்டிவிட்டுப் புகுந்துவிடுவார். தட்டுவது ஒரு கணம் பிந்தினால் போச்சு, 140 கிலோ ஆள் மேலே சாய்ந்துவிடுவார். இப்படி ஆடித்தான் 2018இல் 20.5 சாக். (அந்த அரை, இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்ற கணக்கு.)

2022 பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் கடைசி நிமிடத்தைப் பாருங்கள். எதிரணியான பெங்கால்ஸுக்குப் பந்தைத் தக்கவைக்க ஒரு யார்டு தேவை. மூன்றாம் டவுனில் (டவுன் என்பது ஒரு முயற்சி, மொத்தம் நான்குதான்) பந்தோடு ஓடிய பெரைனை டொனால்ட் இழுத்து நிறுத்தினார். நான்காவதில் குவார்ட்டர்பேக் பர்ரோவைப் பிடித்துச் சுழற்றினார். ஆட்டத்தையே முடித்த பிடி அது. ஆனால் விழுமுன் பர்ரோ பந்தை வீசிவிட்டதால் சாக் கணக்கில் ஏறவில்லை, இன்கம்ப்ளீட் பாஸ் (யாரும் பிடிக்காத பாஸ்) என்றுதான் பதிவு.