நாவூறுக்கு நாவூறு என்றே சொல்லுங்கோ

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு ஐயா, நாவூறு (கண்திருஷ்டி) கழிப்பதை "நரம்புமண்டலச் சுத்திகரிப்பு" என்றும் மூன்றாவது கண்ணைக் "கூம்புச் சுரப்பி" என்றும் சொல்லி, "குவாண்டம்" என்ற பௌதிகச் சொல்லையும் சேர்த்து, காசுக்கு வைத்தியம் செய்தார். முழுக்கத் திரும்ப எழுதத் தேவையில்லை, வீடியோவை எல்லாரும் பகிர்ந்து முடித்துவிட்டீர்கள். அதன் கீழே நான் போட்டது ஒரேயொரு வரி: "குவாண்டம் எண்டால் என்னவெண்டும் ஐயா சொல்லியிருந்தால் நல்லம்." அதற்கு நேற்று இரவு வரைக்கும் ஏச்சு. "நீ என்ன டொக்டரோ?" இல்லை. அவரும் இல்லை, அதுதான் கதையே.

எனக்கு நாவூறு கழிப்பதில் ஒரு கோபமும் இல்லை. அம்மம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவா, நெடி வராவிட்டால் நாவூறுதான் என்பா. மறுநாளும் காய்ச்சல் விடாவிட்டால் அவவே என்னை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவா. அதற்கு "நரம்புமண்டலச் சுத்திகரிப்பு" என்று அவ பெயர் வைக்கவில்லை. நாவூறுக்குப் பெயர் நாவூறு, காய்ச்சலுக்குப் பெயர் காய்ச்சல். மந்திரம் மந்திரமாக வரட்டும், டொக்டரின் கோட்டைப் போட்டுக்கொண்டு வரவேண்டாம். இவ்வளவுதான் நான் சொல்வது.

சின்னம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். போன வருடம் இதே மாதிரி ஓரிடத்தில் காலைப் பேசினில் வைத்து, உப்புப் போட்டு, வயரோடு ஒரு உருளையை இறக்கினார்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் செங்கல் நிறம். பக்கத்தில் ஒரு வர்ண அட்டவணை: மண்ணிறம் என்றால் ஈரல், கடும்பச்சை என்றால் பித்தப்பை, கறுப்புத் துகள் என்றால் பார உலோகம். நஞ்சு முழுக்க இறங்குது, இனிக் குளிசை தேவையில்லை என்றார்கள். மனிசி மெற்போமின் என்ற சீனிக் குளிசையை நிற்பாட்டிவிட்டா. நெடுநாள் சீனியால் பாதம் விறைத்துப்போன ஆளுக்குச் சுடுதண்ணீரின் சூடு எங்கே தெரியும்? பெருவிரல் கொப்பளித்ததையே மூன்றாம் நாள் நாங்கள்தான் கண்டோம்.

அந்த மெசினில் ஒன்றை இரவலாக வாங்கிவந்து, கால் வைக்காமல், வெறும் பேசினில் உப்புத் தண்ணீர் விட்டு ஓடவிட்டேன். அதே செங்கல் நிறம். உருளைக்குள் இருப்பது இரும்பு, உப்புத் தண்ணீரில் மின்சாரம் போனால் அது கரைந்து கறலாகும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

இப்ப வருவீர்கள், "இங்கிலீஸ் மருந்து மட்டும் சுத்தமோ, அவங்களும் காசுதானே பாக்கிறாங்கள்" என்று. பாக்கிறாங்கள்தான், அதற்காகக் கறல் ஈரலாகிவிடுமோ? "எனக்குச் சுகமானது" என்கிறவருக்கு என்னிடம் பதில் இல்லை, சந்தோசம். "எங்கட பாரம்பரியம்" என்கிறவரோடுதான் எனக்குப் பிரச்சினை. குவாண்டம் எந்தப் பரியாரியாரின் ஏட்டில் இருந்தது ராசா? கண்ணிரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கண் என்று சொல்லுங்கோ, கும்பிடுறன். அதைக் கூம்புச் சுரப்பி என்று சொன்னால், அது இரவில் நித்திரைக்கு உதவுகிற மெலற்றோனினைச் சுரக்கிற, நெல்மணியளவு சுரப்பி. அதைத் "திறக்க" ஒருத்தருக்குப் பத்தாயிரம் ரூபாய்!

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கன் மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பிக்க ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம். நோயாளிக்கு விளங்கவேண்டும் என்று சொல் தேடிய ஊரில், விளங்கக்கூடாது என்பதற்காகச் சொல் தேடுகிறார்கள்.

ஆனால் சின்னம்மா ஏன் அங்கே போனா என்று யோசித்தால் எனக்கே வாய் அடைக்கிறது. கிளினிக்கில் விடிய ஆறு மணிக்கு நம்பர் எடுத்து, பதினொன்றுக்கு உள்ளே போனால், டொக்டர் நிமிர்ந்து பார்க்காமலே துண்டு எழுதுவார். அந்த மெசின்காரர் அவவின் காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்தவராம். "என்ர பிள்ளையளும் இப்பிடிச் செய்யேல்லை" என்றா. நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தானே.

வெறும் பேசினில் தண்ணீர் நிறம் மாறியதை அவவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கனநேரம் பார்த்தா. பிறகு சொன்னா, "அது முந்தி கால் வைச்ச ஆக்களின்ர நஞ்சாக்கும்."