ஆறடி இரண்டங்குலமும் ஒரு சிவப்பு பட்டனும்

உயரமாகப் பிறப்பது வரம் என்று சொல்கிறவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, பந்தய வண்டி பாணியிலான என் பைக்கை ஆளுக்கொரு முறை காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஓட்டிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஒன்றும் வலிக்காது என்பதுதான் இதில் எனக்குள்ள ஒரே வருத்தம்.

இன்று காலை குரோம்பேட்டை அருகே யு-திருப்பத்தில் ஹேண்டிலை வலப்பக்கம் முழுவதுமாக ஒடித்தேன். ஒடித்த கணத்திலேயே எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டரை அழுத்தினேன், ஒரு முனகல்கூட இல்லை. பேட்டரி போய்விட்டதோ என்று பார்த்தால் மீட்டர் பளிச்சென்று எரிகிறது. நேற்றுதான் பெட்ரோல் நிரப்பினேன். சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் எஞ்சின் நிற்கும் என்பதால் குதிகாலால் அதையும் தடவிப் பார்த்தேன். அது ஒழுங்காக மேலேதான் இருந்தது. சாவியை அணைத்தேன், போட்டேன், மறுபடியும் அணைத்தேன். இதற்குள் பின்னால் நின்ற மாநகரப் பேருந்தின் ஓட்டுநர், ஹார்னில் வைத்த கையை எடுப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டிருந்தார். பக்கத்தில் வந்த ஷேர் ஆட்டோக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்துவிட்டு, "இவ்ளோ பெரிய ஆளு, வண்டியைத் தூக்கி ஓரமா வெக்கக் கூடாதாண்ணே?" என்றார். நூற்று எழுபது கிலோவைத் தூக்கி ஓரமாக வைப்பதற்கும் உயரத்துக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்க எனக்கு அப்போது அவகாசம் இல்லை. வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு ஓரமாக வந்து நின்றபோது, ஒரு ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் சீருடையோடு உட்கார்ந்திருந்த, பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் என் வலது கைப்பிடியைக் காட்டிச் சொன்னான்: "அங்கிள், ரெட் பட்டன்."

கில் ஸ்விட்ச், அதாவது எஞ்சினை நிறுத்தும் பட்டன். ஹேண்டிலை ஒடித்தபோது என் முழங்கால்தான் அதை அணைத்திருக்கிறது. எனக்கு வயது முப்பத்தொன்று என்பதையும், அங்கிள் என்று அழைக்கப்படும் கட்டத்தை நான் இன்னும் எட்டவில்லை என்பதையும் அந்தச் சிறுவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் ஸ்கூட்டர் போய்விட்டது.

முழங்கால் அங்கே எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். போன மாதம் மணிக்கட்டு வலி தாங்காமல், தாழ்ந்து கிடக்கும் கிளிப்-ஆன் ஹேண்டில்களுக்கு, அவற்றைத் தூக்கி நிறுத்தும் ரைசர் போடச் சொன்னேன். மெக்கானிக் ஓர் அங்குலம் உயர்த்திக் கொடுத்தார். உயர்த்தியதோடு நில்லாமல், "கொஞ்சம் உங்க பக்கமாவும் இழுத்து விட்டிருக்கேன் சார்" என்று கேட்காத உபகாரம் ஒன்றையும் செய்தார். மணிக்கட்டு தப்பித்தது, முழங்கால் மாட்டிக்கொண்டது. இந்த வண்டிகளில் இருக்கை, ஹேண்டில், கால் வைக்கும் கம்பி ஆகிய மூன்றும் ஒரு முக்கோணம். ஒரு முனையை நகர்த்தினால் மற்ற இரண்டும் பழிவாங்காமல் விடுவதில்லை. இருக்கையை உயர்த்தினால் முழங்கால் கொஞ்சம் நீளும், ஆனால் அதே அளவுக்கு ஹேண்டில் தாழ்ந்துபோய் உடம்பின் பாரமெல்லாம் மறுபடியும் உள்ளங்கையில் இறங்கும். கம்பியை இறக்கலாம் என்றால், வளைவில் சாய்க்கும்போது அது தரையில் உரசும் என்று எச்சரித்தார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் நான் எங்கே சாய்ப்பது? பக்கத்தில் வரும் லாரியின் மேல்தான் சாய வேண்டும். அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டுக் கம்பியையும் இறக்கச் சொன்னேன். கம்பியை இறக்கியவர் கியர் லீவரை இறக்க மறந்துவிட்டதால், இப்போது ஒவ்வொரு கியருக்கும் என் கால் கட்டைவிரல் மாடிப்படி ஏறிப் போய் வருகிறது.

முன்கண்ணாடியைப் பற்றித் தனியாகவே அழ வேண்டும். மற்றவர்களின் தலைக்கு மேல் காற்றைத் தூக்கி அனுப்பும் அந்தக் கண்ணாடி, என் விஷயத்தில் அதை நேராகத் தாடைக்கே அனுப்பி வைக்கிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னால், பைக் பந்தய வீரர் வாலன்டினோ ரோசியும் ஏறக்குறைய ஆறடிதான், அவர் ஓட்டவில்லையா என்று கேட்கிறார். ஓட்டினார் ஐயா. அவருடைய உடம்பை அளந்து இருக்கையும் கம்பியும் அமைத்துக் கொடுக்க ஒரு குழுவே இருந்தது. பந்தயமும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முக்கால் மணி நேரத்தில் நான் பல்லாவரத்தைத் தாண்டினாலே அது நல்ல நாள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், அங்கே டேங்கின் மேல் கவிழ்ந்து படுப்பதற்குப் பொருள் உண்டு. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் கவிழ்ந்து படுப்பதில் என்ன பொருள் இருக்கிறது? போதாக்குறைக்கு அதே நண்பர், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வேறு நினைவூட்டுகிறார். தெருவையே எழுப்பும் சைலன்சரை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன் நிம்மதியாகத்தான் போய்வருகிறான். என் ஓரங்குல ரைசர்தான் இவர் கண்ணை உறுத்துகிறது.

சரி, முழங்காலைக் காப்பாற்ற இனி இருக்கையை உயர்த்துவதுதான் வழி என்று முடிவு செய்து, மாலையில் புதுப்பேட்டையில் ஒரு சீட் கடைக்குப் போனேன். காலை முழுவதும் வண்டியைத் தள்ளிய முதுகு நிற்க மறுத்ததால், வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "ஓர் இன்ச் வித்தியாசம் வரணும்ணே, மறக்காதீங்க" என்றேன். ஏற்ற வேண்டும் என்று தனியாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் ஒருவருக்கு அதில் சந்தேகம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தலையாட்டினார். நான் ஒரு டீ குடித்து, கால்களை நீட்டி, இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது, ஃபோமை அழகாகச் சீவி, புது ரெக்சின் போட்டு, இருக்கையை ஓர் அங்குலம் இறக்கி வைத்திருந்தார்.

என் குரல் உயர்ந்தது. "எல்லாரும் எறக்கத்தானே சார் கேப்பாங்க" என்றார். என்னைப் பார்த்தால் கால் எட்டாதவனைப் போலவா தெரிகிறது என்று கேட்டேன். அப்போதுதான் அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து, நன்றாக நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க உக்காந்துட்டு இருந்தீங்களே சார்."

அதற்கு மேல் கோபப்பட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், காசு மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை. காலையில் இருந்ததைவிட ஓர் அங்குலம் கீழே உட்கார்ந்து, முழங்கால்களைக் காதுக்கருகே வைத்துக்கொண்டு தாம்பரம் வந்து சேர்ந்தேன். எங்கள் தெருமுனையில் வலப்பக்கம் ஒடித்தபோது எஞ்சின் நின்றது. இந்த முறை பேட்டரியையோ சாவியையோ நான் சந்தேகிக்கவில்லை. கை நேராகச் சிவப்பு பட்டனுக்கே போயிற்று.