வேலை கிடைக்காதவரின் தொலைபேசி எண்

என் அக்கா மகள் போன வாரம் ஓர் எக்செல் கோப்பு அனுப்பியிருந்தாள். முழுநேர எம்.பி.ஏ.வுக்கு இடம் கொடுத்திருக்கும் ஏழு கல்லூரிகள், பதினோரு தலைப்புகள். தரவரிசை, கட்டணம், சராசரிச் சம்பளம், வகுப்பின் அளவு, ஜிமேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண் சராசரி, உதவித்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கடைசியில் கூட்டுத்தொகை. முதலிடம் பிடித்த கல்லூரிக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தாள். "சித்தி, எதையாவது விட்டுவிட்டேனா பாருங்கள்" என்று கீழே ஒரு வரி.

விட்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, என் காலத்தில் நானும் அதையேதான் விட்டேன். இந்த ஏழு கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் படித்து முடித்து, நினைத்த வேலை கிடைக்காமல் போன ஒரே ஒருவரோடாவது அவள் பேசியிருக்கவில்லை.

நல்ல காரியத்துக்குக் கிளம்பும் பெண்ணிடம் இப்படியா பேசுவது என்று அக்காவே கோபித்துக்கொண்டாள். கோபிக்கட்டும். என் கதையைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்த கல்லூரியின் கையேட்டில் 94 சதவீதம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பட்டம் பெற்ற மூன்று மாதத்துக்குள் வேலையில் சேர்ந்தவர்கள் அத்தனை பேராம். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வேலை கிடைத்தது, அதனால் அந்த எண்ணைப் பற்றி மறுபடி யோசிக்கவும் இல்லை. படிப்பு முடிந்து ஆறேழு மாதம் கழித்து வகுப்புத் தோழன் ஒருவன் வந்தான். எங்கள் ஆண்டு மாணவர்களைப் பற்றிய புதிய வேலைவாய்ப்பு அறிக்கையை அச்சடித்துக் கையில் வைத்திருந்தான். "வேலை கிடைத்தவர்களில் நான் இல்லை. கிடைக்காதவர்களிலும் நான் இல்லை. அப்படியானால் நான் எங்கே இருக்கிறேன், நீயே கண்டுபிடி" என்று தாளை நீட்டினான்.

கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கடைசிப் பக்கத்தில், அட்டவணைக்கும் கீழே, பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: "வேலை தேடாதவர்கள் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை." சில மாதங்களுக்கு முன் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அவனை அழைத்திருக்கிறார்கள். நலம் விசாரித்துவிட்டு, சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, "ஒரு யோசனை இருக்கிறது, பார்க்கலாம்" என்று சொல்லிவைத்தான். தொழில்முனைவோர் பட்டியலில் அவன் இடம்பிடித்த வரலாறு இவ்வளவுதான். அன்றைய தேதிக்கு அவன் எந்தத் தொழிலையும் தொடங்கியிருக்கவில்லை. கடனுக்கு வட்டி மட்டும் தொடங்கியிருந்தது.

இந்த அறிக்கைகள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்லவில்லை. எதை எதால் வகுத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு வகுப்பில் 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். 20 பேரிடமிருந்து தகவல் வரவில்லை, அவர்களை எடுத்துவிடுகிறார்கள். 40 பேர் வேலை தேடவில்லை. நிறுவனமே செலவு செய்து அனுப்பியதால் பழைய இடத்துக்குத் திரும்புகிறவர்கள், குடும்பத் தொழிலுக்குப் போகிறவர்கள், மேலே படிப்பவர்கள், என் தோழனைப் போல "யோசனை" உள்ளவர்கள் எல்லாம் இதில் அடக்கம். மிச்சம் 140. அவர்களில் 126 பேருக்கு வேலை. அட்டையில் 90 சதவீதம் என்று போடலாம், சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. 126ஐ 200ஆல் வகுத்தால் 63. இந்த 63உம் நியாயமான எண் அல்ல, ஏனென்றால் நிறுவனம் அனுப்பிய ஆளுக்கு வேலை ஏற்கெனவே இருக்கிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது. அது எங்கே என்று தெரிய வேண்டுமானால் "தகவல் இல்லை", "வேலை தேடவில்லை" என்ற இரண்டு வரிகளில் இருப்பவர்களின் எண்ணிக்கை வேண்டும். அதைத் தெளிவாக அச்சிடும் கல்லூரி மேல் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும். அச்சிடாத கல்லூரியிடம் எழுதிக் கேளுங்கள், பதில் வரும் விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். வேலையில் சேரும்போது நிறுவனம் தரும் போனஸ் என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது போனஸ் கிடைத்தவர்களுக்குள் எடுத்த இடைநிலை அளவு, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் தொகை. எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது பக்கத்தில் இருக்கும் வேறொரு சதவீதம். சம்பளத்தையும் போனஸையும் மனதுக்குள் கூட்டி, அந்தத் தொகையில் வீடு கட்டத் தொடங்கிவிடாதீர்கள். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒரு வேலை செய்ய வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் நிரந்தர வேலை உரிமை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தனித்தனி அட்டவணை தருகின்றன. உங்கள் வாழ்க்கை இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது, முதலாவதை ரசித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

தரவரிசைக்கு வருகிறேன். அக்கா மகளின் கோப்பில் அதிக மதிப்பெண் அதற்குத்தான். ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் 1999 முதல் உலகத் தரவரிசை வெளியிடுகிறது. பட்டம் பெற்று மூன்று ஆண்டு ஆனவர்களிடம் சம்பளத்தைக் கேட்டு, நாட்டுக்கு நாடு மாறும் வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்து கணக்கிடுகிறார்கள். 2024 பட்டியலில் பேசியவர்கள் 2020இல் படித்து முடித்தவர்கள். ஈராண்டுப் படிப்பு என்றால் அவர்கள் உள்ளே நுழைந்தது 2018. அதாவது பட்டியலைப் பார்த்து இன்று விண்ணப்பிப்பவர், பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு வேலைச் சந்தைக்காகச் சிலர் எடுத்த முடிவின் பலனைப் பார்க்கிறார். நட்சத்திரத்தின் ஒளி கிளம்பிப் பல காலம் கழித்து நம் கண்ணுக்கு வந்து சேர்வதைப் போன்ற சமாச்சாரம். நான்காம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவில் தூக்கத்தைத் தொலைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் வருகிறது.

பட்டியல் என்பது எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1988இல் பிசினஸ்வீக் இதழ் முதன்முறையாகப் பட்டம் பெற்றவர்களையும் ஆள் எடுக்கும் நிறுவனங்களையும் கேட்டுத் தரவரிசை போட்டபோது முதலிடம் ஹார்வர்டுக்குப் போகவில்லை, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் தட்டிச் சென்றது. கேள்வியை மாற்றினால் விடையும் மாறுகிறது, அவ்வளவுதான். 2004இல் ஹார்வர்டும், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டனும் இதழ்களின் தரவரிசைக்குத் தங்கள் மாணவர்களின் விவரங்களைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டன. இதைவிட மோசமானதும் நடந்தது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் உள்ள ஃபாக்ஸ் வணிகப் பள்ளியின் இணையவழி எம்.பி.ஏ. 2015 முதல் 2018 வரை யு.எஸ். நியூஸ் நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் தொடர்ந்து முதலிடம். சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் ஜிமேட் மதிப்பெண் கொடுத்தவர்கள் என்று கல்லூரி கணக்குக் காட்டியது. உண்மையில் கொடுத்தவர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர். முன்னாள் டீன் மோசடிக் குற்றவாளி என்று 2021இல் தீர்ப்பாகி, 2022இல் அவருக்கு 14 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அது முழுநேரப் படிப்பு அல்ல என்பது சரிதான். ஆனால் அந்த நான்கு ஆண்டும் எத்தனை பேர் தங்கள் எக்செல் கோப்பில் அதற்குப் பச்சை வண்ணம் அடித்திருப்பார்கள்!

அங்கீகாரம் பற்றியும் கேட்டாள். வணிகக் கல்லூரிகளுக்கான சர்வதேச அங்கீகாரங்களான ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அது வீட்டுக்கு அஸ்திவாரம் இருக்கிறதா என்று பார்ப்பது, அதை வைத்து வீட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அவளிடம் நான் நெடுநேரம் பேசியது காலத்தைப் பற்றி. "இரண்டு வருடம் இருக்கிறதே சித்தி, போய்ப் பார்த்து முடிவு செய்துகொள்வேன்" என்றாள். இந்த நினைப்பில்தான் பலர் கவிழ்கிறார்கள். ஈராண்டுப் படிப்பில் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே பெரிய ஆலோசனை நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் வளாகத்துக்கு வந்துவிடுகின்றன. முதலாண்டு முடிந்ததும் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு அது. அந்த இன்டர்ன்ஷிப்பில்தான் பலருக்கு முழுநேர வேலை உறுதியாகிறது. ஆக, வகுப்பறை எந்தப் பக்கம் என்று பழகி முடிப்பதற்குள் வாழ்க்கையின் திசையைச் சொல்லச் சொல்லிவிடுவார்கள். தன்னைத் தேடிப் போகிறவருக்கு அங்கே தேட நேரம் தர மாட்டார்கள். சேர்வதற்கு முன்பே இரண்டு மூன்று பாதைகளாகச் சுருக்கிக்கொண்டு போனவர்கள் தேறுகிறார்கள். எட்டுப் பாதைகளோடு போனவர்கள் எல்லாக் கூட்டத்துக்கும் போய்விட்டு, எந்த நேர்காணலுக்கும் சரியாகத் தயாராகாமல் நிற்கிறார்கள். இரண்டாவது வகையில் முதல் ஆண்டின் பாதி வரை நானும் இருந்தேன்.

இதே கணக்குத்தான் ஓராண்டா ஈராண்டா என்ற கேள்விக்கும். பிரான்சைச் சேர்ந்த இன்சியாட் கல்லூரி பத்து மாதத்தில் முடித்துவிடுகிறது. ஜனவரியில் சேர்பவர்களுக்கு நடுவில் கோடை இடைவெளி உண்டு, இன்டர்ன்ஷிப் செய்யலாம். ஆண்டின் பிற்பாதியில் சேர்பவர்களுக்கு அது கிடையாது. ஒரே கல்லூரி, ஒரே பட்டம், சேரும் மாதத்தைப் பொறுத்துக் கிடைக்கும் வாய்ப்பு மாறுகிறது. ஏற்கெனவே இருக்கும் துறையில் மேலே ஏற நினைப்பவருக்கு ஓராண்டு தாராளம். பொறியாளராக இருந்துகொண்டு வங்கிக்குத் தாவ நினைப்பவருக்கு நடுவில் ஓர் ஒத்திகை வேண்டும், இல்லாவிட்டால் நேர்காணலில் "இதை எங்கே செய்து பார்த்தீர்கள்?" என்ற கேள்விக்கு விழிக்க வேண்டியிருக்கும். செலவும் அப்படித்தான். கட்டணத்தை மட்டும் அவள் கோப்பில் போட்டிருந்தாள். விட்டுவிட்டுப் போகும் சம்பளத்துக்கு ஒரு கட்டம் இல்லை. சில வருடம் நல்ல வேலையில் இருந்தவருக்குக் கட்டணத்துக்கு ஈடாக அது வந்து நிற்கும், சில சமயம் தாண்டியும் போகும்.

பாடம் நடத்தும் முறைக்கு அவள் மதிப்பெண்ணே கொடுக்கவில்லை. ஹார்வர்டில் சுமார் 90 பேர் கொண்ட ஒரே பிரிவு முதலாண்டு முழுக்க ஒன்றாக உட்கார்ந்து கேஸ் விவாதம் செய்கிறது, அதாவது ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலை எடுத்துக்கொண்டு அலசுகிறது. பேராசிரியர் முன்னறிவிப்பில்லாமல் யாரையாவது எழுப்பி, "நீங்கள் இந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தால்?" என்பார். வாய் திறக்காமல் மதிப்பெண் வாங்க முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பூத் வணிகப் பள்ளியோ ஏறக்குறைய எல்லாப் பாடங்களையும் மாணவரே தேர்ந்தெடுக்க விட்டுவிடுகிறது. பேச்சில் மலர்பவரும் தனியே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தெளிபவரும் ஒரே இடத்தில் ஒரே அளவு வளர மாட்டார்கள். அக்கா மகள் இரண்டாம் ரகம். அவள் பச்சை வண்ணம் அடித்திருந்த கல்லூரி முழுக்க முழுக்க விவாதம்.

சரி, வேலை கிடைக்காதவரின் எண் எங்கே கிடைக்கும்? கல்லூரி தராது. அவர்கள் பேச அனுப்பிவைக்கும் முன்னாள் மாணவர்கள் எல்லோரும் பளிச்சென்று இருப்பார்கள், நல்லவர்கள்தான், நேர்மையாகவும் பேசுவார்கள், ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்தது கல்லூரி. லிங்க்ட்இன்னில் அந்தக் கல்லூரியின் பெயரையும், ஓரிரு ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர்களின் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். படிப்பு முடிந்த தேதிக்கும் வேலை தொடங்கிய தேதிக்கும் நடுவில் எட்டு மாதம் காலியாக இருப்பவர்கள், படிக்கப் போகும் முன் இருந்த அதே பதவிக்குத் திரும்பியவர்கள், "சுயதொழில் ஆலோசகர்" என்று மட்டும் போட்டிருப்பவர்கள் கண்ணில் படுவார்கள். மரியாதையாக நான்கு வரி எழுதுங்கள். உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள், அது காயத்தில் விரல் வைப்பது. இன்று மறுபடி தேர்ந்தெடுப்பதாக இருந்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள், அது போதும். அவர்கள் சொல்வதையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. தன் சோம்பலைக் கல்லூரி தலையில் கட்டுபவரும் உண்டு. ஆனால் இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே குறையைச் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் பதினான்கு பேருக்கு எழுதினாள். மூவர் பதில் தந்தார்கள். பச்சை வண்ணக் கல்லூரியில் படித்த ஒருவர் நாற்பது நிமிடம் பேசினாராம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆலோசகரைச் சந்திக்க மூன்று வாரம் காத்திருந்ததையும், தனக்கு முன் அனுபவம் இருந்த துறைக்கு அந்த ஆண்டு ஒரு நிறுவனம்கூட வராததையும் சொல்லியிருக்கிறார். இன்னொரு கல்லூரிக்காரர், தனக்கு வேலை தாமதமானது தன் பிழையால்தான் என்றும், படிப்பு முடிந்து ஐந்து மாதம் கழித்தும் அலுவலகத்தில் தன்னை அழைத்து விசாரித்தார்கள் என்றும் சொன்னாராம். அந்தக் கல்லூரி அவள் கோப்பில் ஐந்தாம் இடத்தில் இருந்தது.

நேற்று கோப்பைத் திறந்து பார்த்தேன். பச்சை வண்ணத்தை எடுத்துவிட்டாள், வேறு எதற்கும் இன்னும் அடிக்கவில்லை. இடத்தை உறுதி செய்ய முன்பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் எழுது என்றேன். எழுதியிருக்கிறாள், ஒன்றிலிருந்து பதில் வந்துவிட்டது, இன்னொன்றுக்குக் காத்திருக்கிறோம்.